பேயா, நோயா? திருப்பூரில் மனசு உடைஞ்சவங்க டாக்டருக்கு முன்னாடி கோயிலுக்குப் போவது ஏன்? - விரிவான விளக்கம்

'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த அவர், வாழ்க்கையில் வெறுப்படைந்து...'

தமிழில் செய்தி படிக்கிற யாருக்கும் இந்த வரி புதுசு கிடையாது. தற்கொலைச் செய்திகளில் பல வருஷமாக வருகிற வரி. போலீஸ் புகாரில் இருந்து எஃப்.ஐ.ஆருக்குப் போய், அங்கிருந்து அப்படியே செய்திக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் இத்தனை பேருக்கா தீராத வயிற்று வலி என்று யாரும் நின்று கேட்டதில்லை.

பல நேரம் அது வயிற்று வலி இல்லை. வீட்டில் சொல்ல முடியாத, சொன்னால் அவமானம் என்று நினைக்கிற ஒன்றுக்கு வைத்த பெயர். கடன், குடி, காதல், மனச்சோர்வு என்று எதுவாகவும் இருக்கலாம். மறைக்கச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 309வது பிரிவின்படி தற்கொலைக்கு முயல்வது ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக இருந்தது. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை வரும். இந்த நிலையில் 'வயிற்று வலி' என்பது எல்லாக் கேள்வியையும் அடைக்கிற பதில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனசு வலிக்கும்போது நிஜமாகவே வயிறு வலிக்கும். நெஞ்சு படபடக்கும், தலை பாரமாகும், கை கால் குடைச்சல் எடுக்கும். 'எனக்குத் துக்கமா இருக்கு'ன்னு டாக்டர்கிட்ட போறவங்க குறைவு. 'டாக்டர், கேஸ் பிராப்ளம், தூக்கம் வரல'ன்னு போறவங்கதான் அதிகம். ஆக அந்த வயிற்று வலி எப்போதும் பொய்யும் இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு கணக்குப்படி, நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிராவுக்கு அடுத்து இரண்டாவது இடத்தில் தமிழ்நாடு: 19,834 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல், அதாவது 26.4 சதவீதம் பேர், தினக்கூலிகள். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு திருப்பூருக்குள் போகலாம்.

டாலர் சிட்டியின் இன்னொரு பக்கம்

பனியன் ஊர், டாலர் சிட்டி. திருப்பூருக்குப் பட்டப்பெயர்களுக்குக் குறைச்சல் இல்லை. 2010 வாக்கில் தற்கொலைகள் அதிகமானபோது, அதற்கும் ஒரு பெயர் வைத்து ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம்.

இந்த ஊரில் சம்பாதிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் வெளியூர்க்காரர்கள். ஒரு காலத்தில் தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கம் இருந்து வந்தார்கள். இப்போது பீகார், ஒடிசா, ஜார்கண்டில் இருந்தும் வருகிறார்கள். காலையில எட்டரைக்கு உள்ளே போனா, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வெளியே வர ராத்திரி எட்டு, எட்டரை ஆகும். ஆர்டர் அவசரம்னா அதுவும் தாண்டும். சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டுல இருக்கிறவங்களுக்கு மெஷின் நின்னா காசு நிக்கும்.

அந்த மெஷின் எதற்கு நிற்கும் என்பது தொழிலாளி கையில் இல்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னபோது நின்றது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபோது தடுமாறியது. 2020ல் கொரோனா ஊரடங்கில் மொத்தமாக நின்றது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, எங்கேயோ வாஷிங்டனில் எடுத்த முடிவால் அனுப்பர்பாளையம் லைன் வீட்டில் இருப்பவருக்குத் தூக்கம் போனது. தவணைக்கு எடுத்த பைக், குழு லோன், ஊரில் கட்டுகிற வீடு எல்லாமே வாரச் சம்பளத்தை நம்பி ஓடுகிறவை.

'ஊர்ல இருந்தா நாலு பேர் இருக்காங்க' என்பது நம்ம ஆட்கள் சாதாரணமாகச் சொல்வது. திருப்பூரில் அந்த நாலு பேர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றரை ஷிப்டில் இருப்பார்.

துக்கம் கேட்க நேரம் இல்லாத ஊர்

இதில் அதிகம் பேசப்படாதது, சாவு. தமிழில் அதற்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தெற்கத்திக்காரர்கள் 'துட்டி' என்பார்கள், இன்னும் சில ஊர்களில் 'கேதம்', கொங்குப் பக்கம் 'எழவு'. சொல் வேறானாலும் ஏற்பாடு ஒன்றுதான். இறந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தில் இருந்து சோறு வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். மூணாம் நாள், பதினாறாம் நாள், மாசாமாசம் திதி, வருஷாந்திரம் என்று வரிசையாக வரும்.

சடங்கு, சம்பிரதாயம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு மனநல ஆலோசகர் என்னவெல்லாம் செய்யச் சொல்வாரோ அதில் பாதி இதற்குள் இருக்கிறது. வாய்விட்டு அழ அனுமதி, பொறுப்புகளில் இருந்து சில நாள் விடுதலை, தனியாக விடாத கூட்டம், 'இதோட முடிஞ்சது, இனி நடக்க வேண்டியதைப் பாரு' என்று சொல்ல ஒரு தேதி. மனநல மருத்துவம் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே ஊர் கண்டுபிடித்து வைத்த ஏற்பாடு இது.

பனியன் கம்பெனி வாழ்க்கையில் இது சுருங்கிப் போகிறது. அப்பா இறந்துவிட்டார் என்று போன் வரும். ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போவார்கள், அடக்கம் முடியும், மூணாம் நாள் காரியம் முடிந்ததும் திரும்ப பஸ். திங்கட்கிழமை பவர் டேபிள் முன்னாடி உட்கார வேண்டும். துக்கத்துக்கென்று தனி விடுப்பைத் தொழிற்சாலைச் சட்டம் கொடுக்கவில்லை. குறிப்பிட்ட நாட்கள் வேலை பார்த்தால் 20 நாளுக்கு 1 நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் காண்ட்ராக்டில், பீஸ் ரேட்டில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்? ஒடிசாக்காரருக்கு நிலைமை இன்னும் மோசம். ரயிலில் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அம்மா முகத்தை வீடியோ காலில் பார்த்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

அழ இடம் கிடைக்காத துக்கம் போய்விடாது. தங்கிவிடும்.

துக்கத்தை எப்போது நோய் என்று சொல்வது? இதில் மருத்துவர்களே ரொம்ப நாள் சண்டை போட்டார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு, 'நீடித்த துக்கக் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்தது. இறப்பு நடந்து 6 மாதத்துக்கு மேலாகியும், அந்த மனிதரின் சமூக, மத வழக்கத்துக்கு மீறிய அளவில், ஏக்கமும் வேதனையும் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அது. அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்திருக்கிறது. 'சமூக, மத வழக்கத்துக்கு மீறி' என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். வருஷாந்திரம் வரை நல்ல நாள் கொண்டாடாமல் இருப்பது நோய் இல்லை. இறந்தவர் குரல் ஒரு நாள் காதில் கேட்ட மாதிரி இருந்தது, கனவில் வந்து பேசினார் என்பதும் நோய் இல்லை. துக்கத்தில் இருக்கும் நிறைய பேருக்கு நடப்பதுதான். பயப்பட வேண்டாம், 'காத்து கருப்பு' என்று பயமுறுத்தவும் வேண்டாம்.

மனச்சோர்வு கொஞ்சம் வேற மாதிரி. துக்கம் அலை அலையாக வரும், நடுவில் பேரக்குழந்தை சிரித்தால் நாமும் சிரிப்போம். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைக்காது. எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம் இல்லை அல்லது எந்நேரமும் தூக்கம், சோறு இறங்கவில்லை, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு. இப்படி 2 வாரத்துக்கு மேல் தினமும் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 'செத்துட்டா தேவல' என்ற பேச்சு வந்தால் 2 வாரம்கூட காத்திருக்கக் கூடாது.

தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டில் துக்கத்தோடு இன்னொன்றும் சேரும். வாசலில் நின்று 'என்னாச்சு, ஏன்?' என்று கேட்பார்கள். யாரோ ஒருவர் மேல் பழி விழும், பெரும்பாலும் மனைவி மேல். வழக்கமான சடங்குகளைக்கூட அவசரமாக முடித்துவிடுவார்கள். அதிகமாகத் துணை தேவைப்படுகிற வீடு அது. அந்த வீட்டுக்குத்தான் ஆட்கள் குறைவாகப் போகிறார்கள்.

ஏன் முதலில் கோடாங்கி?

ஒரு செக்கிங் வேலை பார்க்கிற பெண் பத்து நாளாகத் தூங்கவில்லை, தனியாகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் முதலில் சொல்வது 'எங்கயோ பயந்துட்டா' என்பதுதான். விபூதி மந்திரிப்பார்கள், கயிறு கட்டுவார்கள். அடுத்து குறி கேட்பது, கோடாங்கி. இந்துக்கள் மட்டும் என்றில்லை. தர்காவில் ஓதிக் கயிறு வாங்குவார்கள், ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். வடக்கே இருந்து வந்தவர்களுக்கு ஊரில் ஓஜா இருக்கிறார். ஒருவர் விடாமல் எல்லா மதத்துக்காரரும் எல்லா இடத்துக்கும் போவதும் உண்டு. கஷ்டம் வந்தால் மத வேலி பார்க்காத ஊர் நம்ம ஊர்.

இதை 'மூடநம்பிக்கை, படிப்பறிவு இல்லை' என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் பி.இ. படித்தவர்களும் போகிறார்கள். அதனால் வேறு காரணங்களைப் பார்க்கணும்.

முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது: நேரம். அரசு மருத்துவமனையில் புறநோயாளிகள் பிரிவு காலையில். போனால் ஒரு ஷிப்ட் போச்சு, கூடப் போகிறவருக்கும் ஒரு ஷிப்ட். குறி சொல்கிறவர் அமாவாசை ராத்திரியும் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார். அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்பார். நூறு பேர் வரிசையில் நிற்கிற ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எத்தனை நிமிஷம் கொடுக்க முடியும்?

இரண்டாவது, பழி. 'உன் மேல தப்பில்ல, யாரோ செஞ்சு வச்சுட்டாங்க' என்று கோடாங்கி சொல்லும்போது நோயாளி குற்றவாளி ஆகவில்லை. குடும்பத்துக்கும் தலைகுனிவு இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு அப்படி இல்லை. அதை யாராவது பார்த்தால் 'பைத்தியம்'. நம்ம சினிமா காமெடியில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரே கேலியாகிப் போனது. 1794லேயே தொடங்கிய, நாட்டின் பழமையான மனநல மருத்துவமனைகளில் ஒன்றுக்கு நாம் கொடுத்த மரியாதை அது.

மூன்றாவது, கல்யாணம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். ஜாதகம், பொருத்தம், குலம், கூட்டம் எல்லாம் பார்க்கிற பகுதியில், 'அந்த வீட்டுப் பொண்ணுக்கு மண்டை சரியில்லையாம்' என்ற ஒரு பேச்சு போதும். அவருக்கு மட்டுமில்லை, தங்கச்சிக்கும் வரன் நிற்கும். கோயிலுக்குப் போய் வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கோயிலுக்கு எல்லாரும்தானே போகிறார்கள்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்த 12 மாநிலங்களில் ஒன்று. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். அவ்வளவு பேரும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். எங்கேயாவது போயிருப்பார்கள்.

ஏர்வாடி: 2001 ஆகஸ்ட் 6

நம்பிக்கையும் அவமானமும் ஆதரவின்மையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டில் ஒரு தேதி இருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் பாதிக்கப்பட்டவர்களை அழைத்து வருவது பல தலைமுறைப் பழக்கம். தமிழ்நாடு, கேரளா என்று எல்லா இடத்தில் இருந்தும், எல்லா மதத்தில் இருந்தும் வருவார்கள். தர்கா தண்ணீர், விளக்கு எண்ணெய், பிரார்த்தனை. கனவில் 'உத்தரவு' வந்ததும் குணமாகி வீட்டுக்குப் போகலாம் என்பது நம்பிக்கை. கனவில் உத்தரவு வருவது திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்நியமான விஷயம் இல்லை. காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை ஆண்டவர் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை உத்தரவுப் பெட்டியில் வைப்பது இன்றும் நடக்கிறது.

பிரச்சினை தர்காவில் இல்லை, அதைச் சுற்றி முளைத்த தனியார் காப்பகங்களில். உறவினர்கள் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர்களைச் சங்கிலியில் கட்டி வைப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அப்படி ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரு வாரத்தில் அங்கிருந்த இந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன, 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். ஆனால் ஒன்றை யோசிக்கணும். அந்த 500 பேரைக் குடும்பங்கள் அங்கே கொண்டு வந்து விட்டதற்குக் காரணம் பக்தி மட்டுமா? பக்கத்து ஊரில் மனநல டாக்டர் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, தெருவில் தலை காட்ட முடியவில்லை. காப்பகத்தை மூடினால் இந்த மூன்றும் மூடிவிடாது.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 95வது பிரிவு, மனநலம் பாதித்தவரை எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309வது பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்க மிரட்டலாக முயல்வது மட்டும்தான் குற்றமாக மிச்சம் இருக்கிறது. 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கோயிலில் குணமே ஆகாதா?

இங்கே ஒரு சுவாரஸ்யமான ஆய்வு இருக்கிறது. மருத்துவ ஆய்விதழான பி.எம்.ஜே.வில் 2002ல் வெளியானது. நிம்ஹான்ஸ் டாக்டர் ரகுராம் குழுவினர், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் போய்த் தங்கிய 31 பேரைப் பார்த்தார்கள். பெரும்பாலும் தீவிர மனநோய் உள்ளவர்கள். அங்கே பேய் ஓட்டுவது மாதிரி தனிச் சடங்கு எதுவும் இல்லை. கூட ஒரு உறவினர் இருப்பார், காலையில் பூஜை, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து அளந்தபோது நோய் அறிகுறிகளின் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. சில மருந்துகள் தருகிற பலனுக்குச் சமம் என்று அவர்களே எழுதினார்கள்.

இதை எடுத்துக்கொண்டு 'பார்த்தீங்களா, அறிவியலே ஒத்துக்கிச்சு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தேவையில்லை. 31 பேர் சின்ன எண்ணிக்கை. ஒப்பிட வேறு குழு இல்லை. ஆனால் அந்தக் கோயிலில் என்ன இருந்தது என்று பாருங்கள்: அடி இல்லை, சங்கிலி இல்லை, கேலி இல்லை. வேளாவேளைக்குச் சோறு, வேலை, கூடவே ஒரு ஆள். இதில் ஒன்றுகூட லைன் வீட்டில் கிடைக்காது.

திருச்சி பக்கத்தில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலிலும் 48 நாள் தங்குகிற வழக்கம் உண்டு, முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அங்கே கோயிலை ஒட்டியே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில், 2008ல் 'தவா - துவா' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவின் முஜாவர்களே நோயாளியைப் பக்கத்தில் இருக்கும் மனநல கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பின்னாளில் ஏர்வாடியிலும் இந்த முறையிலேயே சிகிச்சை வந்தது. சாமி கும்பிட வருகிறவரிடம் 'இந்த மாத்திரையையும் சேர்த்துப் போடுங்க' என்று பூசாரியோ முஜாவரோ சொன்னால், அதற்கு டாக்டர் சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

இது நம்ம ஊர் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களில் பலர் துக்கமோ மனச்சோர்வோ வந்தால் முதலில் போவது சர்ச் பாஸ்டரிடம். அங்கே ஆஸ்பத்திரி மேல் அவநம்பிக்கை வரக் காரணமே ஆஸ்பத்திரிதான். 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கிகியில், சிஃபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு அரசே சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது. ஜிம்பாப்வேயில் இதற்கு வேற வழி கண்டுபிடித்தார்கள். மனச்சோர்வுக்கு அங்கே ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று பெயர், அதாவது அதிகமாக யோசிப்பது. நம்ம அம்மாக்கள் 'ரொம்ப யோசிக்காத' என்று சொல்வது மாதிரியே இல்ல? டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006ல் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். 2016ல் வெளியான ஆய்வில், அந்தப் பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

மாத்திரை போட்டா அடிமையாகிடுவோமா?

அடிக்கடி வரும் சந்தேகம் இது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் போதை தருபவை அல்ல. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். 'நாலு நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல'ன்னு நிறுத்துறதும், 'சரியாயிடுச்சு'ன்னு திடீர்னு நிறுத்துறதும்தான் சிக்கல். டாக்டர் சொல்கிறபடி மெதுவாகக் குறைக்க வேண்டும். சில வகைத் தூக்க மாத்திரைகள் பழக்கமாகக் கூடியவை என்பது உண்மை. அதனால்தான் மெடிக்கலில் நேரடியாகக் கேட்டு வாங்கக் கூடாது. சனிக்கிழமை சம்பளத்தில் குடிப்பது அன்றைக்குத் தூக்கம் கொடுக்கும், மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

கையில் கட்டிய கயிறை அவிழ்க்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். அதோடு சண்டை போட்டால் நோயாளி நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் போகட்டும். அடிப்பது, சூடு போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, பட்டினி போடுவது என்று வந்தால் மட்டும் அந்த இடத்தை விட்டு உடனே வெளியே அழைத்து வந்துவிட வேண்டும். இருக்கிற மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் அப்படியே.

பனியன் தொழிலாளிகளுக்கு: இ.எஸ்.ஐ.யில் இது இருக்கு

கம்பெனிகளில் அதிகம் பேருக்குத் தெரியாத தகவல். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உடம்பு சரியில்லை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். அதைத் தாண்டி, நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதக் கூலியோடு 2 வருஷம் வரை நீட்டிக்கும் பலன் இருக்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் புற்றுநோய், காசநோயோடு மனச்சிதைவு, தீவிர மனச்சோர்வின் ஒரு வகை, இருதுருவ மனநோய் ஆகியவையும் இருக்கின்றன. 2 வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், சந்தா முறையாகக் கட்டியிருக்க வேண்டும்.

அந்த 'முறையாக' என்பதில்தான் சிக்கல். காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர்கள், அடிக்கடி கம்பெனி மாறுகிறவர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. எண்ணே இருக்காது. சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறதா, அது கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இன்றே செய்யக்கூடியது.

காப்பீட்டு நிறுவனங்களும் உடல் நோய்க்குக் கொடுக்கிற அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21வது பிரிவு சொல்கிறது. 'மனநோய்க்கு கவர் கிடையாது' என்று ஏஜென்ட் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது?

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உள்ளது. மருந்துகள் இலவசம். சீட்டு வாங்கும் இடத்தில் 'மனநலம்' என்று சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், 'தூக்கம் வரல' என்று சொல்லியே ஆரம்பிக்கலாம். டாக்டர்களுக்கு அது புரியும்.

ஷிப்ட் விட முடியாதவர்களுக்கு போன்தான் சுலபம். 14416 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. மத்திய அரசின் டெலி மனஸ் சேவை இது, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் செயல்படுகிறது. இந்தி உள்பட பல மொழிகளில் பேசலாம் என்பதால், கம்பெனியில் கூட வேலை பார்க்கிற வட மாநிலத்தவருக்கும் இந்த எண்ணைச் சொல்லுங்கள். 104லும் பேசலாம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் சென்னையில் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண்: 044-24640050. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து மெஷின்காரர் 'நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி' என்று விளையாட்டாகச் சொன்னால், 'நிஜமாவே அப்படித் தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவர் 'ஆமா' என்றால், தனியாக விடாமல் அவர் போனிலேயே 14416 போட்டுக் கொடுத்து, பேசி முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள்.